விடுதலைப் பள்ளிகள்

விடுதலைப் பள்ளிகள் என்பன ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1964 ஆம் ஆண்டின் கோடையில் ஆப்பிரிக்க அமெரிக்க இளைஞர்களுக்காக நடத்தப்பட்ட, கட்டணமில்லாத தற்காலிகப் பள்ளிகள் ஆகும். குடிசார் உரிமை இயக்கத்தின் ஒரு பகுதியான விடுதலைக் கோடை என்னும் திட்டத்தின் கீழ் இவை அமைக்கப்பட்டன. மாநிலம் முழுவதும் 41 பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்டோர் பயின்றனர். எழுத்தும் கணக்கும் கற்பித்தல் இவற்றின் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் மாணவர்கள் தம் வாழ்நிலையைத் தாமே ஆராய்ந்து, அதன் காரணங்களைக் கேள்விக்கு உட்படுத்தி, அதனை மாற்றும் செயலில் இறங்குவதற்குத் துணை நிற்பதே முதன்மை நோக்கமாக இருந்தது. இளையோரிடம் அரசியல் விழிப்புணர்வும் சமூக நீதிக்கான ஈடுபாடும் எவ்வாறு உருவாகின்றன என்பதை விளக்கும் வரலாற்று எடுத்துக்காட்டாக இப்பள்ளிகள் கல்வியியலிலும் சமூகவியலிலும் ஆராயப்படுகின்றன.

பின்னணி

1960 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். எனினும் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்காளர்களாகப் பதிவு பெற்றிருந்தனர். பதிவு செய்ய விரும்புவோர் வாக்கு வரி செலுத்த வேண்டும். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்து அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். அவ்விளக்கம் சரியா தவறா என்பதைப் பதிவு அலுவலரே முடிவு செய்தார். பதிவு அலுவலகத்தின் படியேறியவர் வேலையையோ, குடியிருந்த வீட்டையோ, சில வேளைகளில் உயிரையோ இழக்க நேர்ந்தது.

கல்வித் துறையிலும் நிலைமை இதுவே. பொதுப் பள்ளிகளில் இன அடிப்படையில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்த பின்னும், 1964 ஆம் ஆண்டுக் கோடை வரை மிசிசிப்பியின் பொதுப் பள்ளிகள் முற்றிலும் பிரிக்கப்பட்டே இருந்தன. கறுப்பின மாணவர் ஒருவருக்கு மாநிலம் செலவிட்ட தொகை, வெள்ளையின மாணவருக்குச் செலவிட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. கட்டாயக் கல்விச் சட்டம் 1956 இல் நீக்கப்பட்டது. பருத்தி விளையும் டெல்டா பகுதியில் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஏற்றவாறு கறுப்பினப் பள்ளிகளின் வேலை நாட்கள் வகுக்கப்பட்டன. வாக்குரிமை, குடிசார் உரிமை பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர் வேலையிழப்பார் என்பது பொதுவாக அறியப்பட்டதாகும்.

இச்சூழலில் வளர்ந்த தலைமுறையின் மீது ஒரு நிகழ்வு ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுச் சிறுவன் எமெட் டில் கொல்லப்பட்டான், கொலையாளிகள் விடுவிக்கப்பட்டனர். சிதைந்த உடலின் ஒளிப்படங்களைக் கறுப்பின இதழ்களில் கண்ட சிறுவர் சிறுமியர் பலர், தம் வயதையொத்த ஒருவனுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம் என்பதை உணர்ந்தனர். பின்னாளில் இயக்கத்தில் இணைந்த மிசிசிப்பி இளைஞர்களைச் சமூகவியலாளர் ஜாய்ஸ் லாட்னர் எமெட் டில் தலைமுறை என்று அழைத்தார்.

முன்னோடிகள்

விடுதலைப் பள்ளிகளுக்கு இரண்டு முன்னோடிகளைக் குறிப்பிடலாம். முதலாவது, தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 இல் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகள். செப்டிமா கிளார்க் முதலானோரும் டென்னசியின் ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளியும் உருவாக்கிய இவை, முதியோருக்கு எழுத்தறிவையும் வாக்காளர் பதிவுக்கான பயிற்சியையும் ஒருங்கே அளித்தன.

இரண்டாவது, மிசிசிப்பியின் மெக்கோம் நகரில் மாணவர்களே உருவாக்கிய சூழலில் எழுந்தது. 1961 இல் மாணவர் வன்முறை மறுப்பு ஒருங்கிணைப்புக் குழுவைச் (சுருக்கமாக ஸ்னிக்) சேர்ந்த பாப் மோசஸ் அங்கு வாக்காளர் பதிவுப் பணியைத் தொடங்கினார். அப்பணிக்குத் துணை நின்ற ஹெர்பர்ட் லீ என்ற உழவர் 1961 செப்டம்பர் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இன ஒதுக்கலை எதிர்த்துச் சிறை சென்று திரும்பிய 16 வயது பிரெண்டா டிராவிசைப் பர்க்லண்ட் உயர்நிலைப் பள்ளி மீண்டும் சேர்த்துக்கொள்ள மறுத்தது. இவ்விரண்டையும் கண்டித்து அக்டோபர் 4 அன்று 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி நகர மன்றம் நோக்கிச் சென்றனர். இனிப் போராடுவதில்லை என்று எழுதிக் கொடுக்க மறுத்தவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்காக ஸ்னிக் உறுப்பினர்கள் நடத்திய வகுப்புகள் வன்முறையற்ற உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றன. அங்கு மோசஸ் கணிதம் கற்பித்தார். ஆசிரியர்கள் சிறையிடப்பட்டதால் சில வாரங்களில் அப்பள்ளி நின்றுபோனது.

தோற்றம்

ஸ்னிக் அமைப்பு 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலே நகரிலுள்ள ஷா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்கு வழிகாட்டிய எலா பேக்கர், மக்களைத் தனித் தலைவர் ஒருவரின் பின்னால் திரட்டுவதைவிட, ஒவ்வொரு ஊரிலும் மக்களே தமக்கான தலைமையை உருவாக்கிக்கொள்வதே நிலைக்கும் என்று கருதினார். விடுதலைப் பள்ளிகளின் அடிப்படையும் இக்கருத்தே ஆகும்.

ஹவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டு மிசிசிப்பியில் களப்பணியாற்றிய 20 வயதான சார்ல்ஸ் காப், 1963 டிசம்பரில் விடுதலைப் பள்ளிகளுக்கான முன்மொழிவை எழுதினார். பிரிக்கப்பட்ட பள்ளிகள் வசதியில் மட்டும் குறைந்தவை அல்ல. கேள்வி கேட்கும் பழக்கத்தையே மாணவர்களிடமிருந்து பறிக்கின்றன என்பது அவருடைய வாதம். அடுத்த கோடையில் வடக்கிலிருந்து வரவிருந்த கல்லூரி மாணவர்களைக் கொண்டு இவ்விழப்பை ஈடுசெய்யலாம் என்று அவர் கருதினார். மிசிசிப்பியில் இயங்கிய உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பான கோஃபோ இதனை ஏற்றது. 1964 மார்ச்சில் நியூயார்க்கில் பாடத்திட்டக் கருத்தரங்கு நடைபெற்றது. அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் ஸ்டாட்டன் லிண்ட் பள்ளிகளின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஆசிரியர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினக் கல்லூரி மாணவர்கள். தம் செலவைத் தாமே ஏற்பதுடன், கைதானால் பிணை பெற 500 டாலரும் அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்று கோரப்பட்டது. இதனால் வசதியுள்ள குடும்பத்தினரே மிகுதியாக வந்தனர். ஜூன் மாதம் ஒகையோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு நகரில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

பாடத்திட்டம்

பாடத்திட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது.

- கல்விப் பாடங்கள்: வாசிப்பு, எழுத்து, கணிதம், அறிவியல்.
- குடிமைப் பாடங்கள்: சமூக அமைப்பு, அதிகாரம், கறுப்பின வரலாறு, இயக்கம்.
- கலையும் பொழுதுபோக்கும்: நாடகம், இசை, செய்தித்தாள் தயாரிப்பு.

குடிமைப் பாடம் ஏழு அலகுகளாக வகுக்கப்பட்டது. முதல் அலகில் மாணவர்கள் தம் பள்ளி, வீடு, வேலை, மருத்துவம் ஆகியவற்றைப் பிறருடையவற்றுடன் ஒப்பிட்டனர். அடுத்த அலகு, வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்வதே தீர்வாகுமா என்று வினவியது. தொடர்ந்து வெள்ளையினத்தவரின் வாழ்வு உண்மையில் எத்தகையது, மாநிலத்தில் அதிகாரம் எவரிடம் உள்ளது, ஏழைக் கறுப்பரும் ஏழை வெள்ளையரும் ஏன் பிரிந்து நிற்கின்றனர் ஆகியன ஆராயப்பட்டன. ஆறாம் அலகு பொருட்செல்வத்தையும் மனிதப் பண்பையும் ஒப்பிட்டது. இறுதி அலகு இயக்கத்தைப் பற்றியது. இவற்றுக்குள் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட வேண்டிய வினாக்களும் தரப்பட்டன. பெரும்பான்மையினரிடம் உள்ளவற்றுள் நாம் விரும்புவது எது, விரும்பாதது எது, நம்மிடம் உள்ளவற்றுள் நாம் காத்துக்கொள்ள வேண்டியது எது என்பன அவை. வெள்ளையினத்தவரைப் போல ஆவதே முன்னேற்றம் என்ற எண்ணத்தை மூன்றாம் வினா மறுத்தது.

கற்பிக்கும் முறையில் உரையாடலே முதன்மை பெற்றது. ஆசிரியர் விரிவுரை ஆற்றாமல், மாணவர்களுடன் வட்டமாக அமர்ந்து வினா எழுப்புவார். தம் ஊரின் தெருக்களில் எது வரை தார் போடப்பட்டுள்ளது, எங்கிருந்து மண் சாலை தொடங்குகிறது என்பது போன்ற அன்றாடச் செய்திகளிலிருந்து பேச்சு தொடங்கி, நகர நிர்வாகம் எவருடைய வாக்கில் அமைகிறது என்பதற்குச் செல்லக்கூடும். இம்முறையில் அறியாமை மாணவரின் குறையாகக் கருதப்படவில்லை. மாறாக, மிசிசிப்பியைப் பற்றி ஆசிரியரைவிட மாணவருக்கே மிகுதியாகத் தெரியும் என்பது தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டது.

கறுப்பின வரலாறு பெரும்பாலான மாணவர்களுக்குப் புதியதாக இருந்தது. அமிஸ்டாட் கப்பலில் அடிமைகள் செய்த கிளர்ச்சி, எயிட்டி விடுதலைப் போர், உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பியிலேயே கறுப்பினத்தவர் சட்டமன்றத்தில் அமர்ந்த காலம் ஆகியன அவர்களுடைய பள்ளி நூல்களில் இடம்பெறாதவை. தாழ்நிலை இயற்கையானது அல்ல, அது ஒரு காலத்தில் உருவாக்கப்பட்டது என்ற அறிவே, அதனை மாற்றவும் இயலும் என்ற எண்ணத்துக்கு வழிவகுத்தது.

செயற்பாடு

திட்டமிட்டோர் ஏறத்தாழ 1,000 மாணவர்களையே எதிர்பார்த்தனர். வந்தவர்களின் எண்ணிக்கை அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று. ஹாட்டீஸ்பர்க் நகரில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். மாணவர்களுள் பெரும்பாலோர் பதின்ம வயதினராயினும், சிறுவர்களும் முதியோரும் இருந்தனர். தேவாலய அடித்தளங்கள், வீட்டுத் திண்ணைகள், மரநிழல் ஆகியவையே வகுப்பறைகள். காலையில் கறுப்பின வரலாறும் குடிமைப் பாடமும், பின்னர் பிரெஞ்சு, தட்டச்சு போன்ற விருப்பப் பாடங்களும், மாலையில் முதியோர் வகுப்பும் நடந்தன. பிரெஞ்சு மொழி, தட்டச்சு போன்றவை பல கறுப்பினப் பள்ளிகளில் கற்பிக்கப்படாததால் மாணவர்களால் பெரிதும் விரும்பப்பட்டன.

பல பள்ளிகள் தமக்கெனச் செய்தித்தாள்களை வெளியிட்டன. மாணவர்களே எழுதித் தட்டச்சு செய்து, நகலெடுத்து விற்றனர். தம் ஊரின் நிலையைத் தம் பெயரிட்டு அச்சில் எழுதுவது அன்றைய மிசிசிப்பியில் துணிவு வேண்டிய செயல் என்பது குறிப்பிடத்தக்கது. தூகலூ கல்லூரியில் தோன்றிய சுதந்திரத் தெற்கு நாடகக் குழு, மார்ட்டின் டூபர்மன் எழுதிய நாடகம் ஒன்றைப் பள்ளிதோறும் நடித்துக் காட்டியது.

வன்முறை

பள்ளிகள் தொடங்கும் முன்பே தாக்குதல்கள் தொடங்கின. நெசோபா மாவட்டத்தின் லாங்டேல் என்ற இடத்திலுள்ள மவுண்ட் சயன் தேவாலயம் விடுதலைப் பள்ளிக்கு இடம் தர இசைந்திருந்தது. 1964 ஜூன் 16 அன்று அது எரிக்கப்பட்டது. அதனைப் பார்வையிடச் சென்ற ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளம் தொண்டர்கள் ஜூன் 21 அன்று காணாமல் போயினர். கு கிளக்ஸ் கிளான் அமைப்பினரால் கொல்லப்பட்ட அவர்களின் உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன. அக்கோடையில் 1,000க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 37 தேவாலயங்கள் குண்டுவீச்சுக்கோ தீவைப்புக்கோ உள்ளாயின.

மெக்கோம் நகரில் தொண்டர்கள் தங்கியிருந்த விடுதலை இல்லம் ஜூலை 8 அன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அச்சத்தால் தேவாலயத்தினர் பள்ளிக்கு இடம் தரத் தயங்கினர்; வகுப்புகள் வெளியே புல்தரையில் நடந்தன. பதின்ம வயது மாணவி ஒருவர், குண்டுவெடித்த இல்லத்துக்கு வரத் தாம் அஞ்சவில்லை என்றும், பெரியவர்கள் ஏன் அஞ்சுகின்றனர் என்றும் வினவும் வகையில் ஒரு கவிதை எழுதினார். அது ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட்ட பின்னர் தேவாலயம் திறக்கப்பட்டது. இளையோரின் விழிப்புணர்வு பெற்றோரையும் செயலுக்குத் தூண்டியமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

மெரிடியன் மாநாடு

1964 ஆகஸ்ட் 6 முதல் 8 வரை மெரிடியன் நகரில் விடுதலைப் பள்ளிகளின் மாநாடு நடைபெற்றது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பேராளர்கள் இதனைத் தாமே நடத்தினர். மெரிடியன் ஜேம்ஸ் சேனியின் சொந்த ஊர். மாநாட்டின் இரண்டாம் நாளான ஆகஸ்ட் 7 அன்றே அவருடைய உடல் அங்கு அடக்கம் செய்யப்பட்டது.

பேராளர்கள் குழுக்களாகப் பிரிந்து விவாதித்து, கல்வி, வீட்டுவசதி, மருத்துவம், வேலைவாய்ப்பு, வாக்குரிமை, காவல்துறை, வெளியுறவு முதலிய துறைகளில் கோரிக்கைகளை வகுத்தனர். ஒவ்வொரு கோரிக்கையும் பொது அவையில் வாதிடப்பட்டு வாக்கெடுப்பால் முடிவு செய்யப்பட்டது. பெற்றோருக்கே வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த நிலையில், அவர்களின் பிள்ளைகள் மக்களாட்சி முறையைத் தம் கையால் நடத்திப் பார்த்தனர்.

வகுப்பறைக்கு வெளியே

கற்றவற்றை மாணவர்கள் விரைவிலேயே சோதித்துப் பார்த்தனர். பலர் வீடு வீடாகச் சென்று மிசிசிப்பி விடுதலை மக்களாட்சிக் கட்சிக்கு உறுப்பினர் சேர்த்தனர்.

1964 ஆகஸ்ட் 14 அன்று ஹாட்டீஸ்பர்க்கில் சாண்ட்ரா அடிக்கஸ் என்ற ஆசிரியருடன் ஆறு மாணவர்கள் நகரப் பொது நூலகத்துக்குச் சென்று நூல் இரவல் கேட்டனர். அவர்களுக்கு நூல் தருவதற்கு மாறாக நூலகமே மூடப்பட்டது. பின்னர் அவர்கள் கிரெஸ் கடையின் உணவகத்துக்குச் சென்றபோது, கறுப்பின மாணவர்களுடன் வந்த வெள்ளையினத்தவர் என்பதால் அடிக்கசுக்கு உணவு மறுக்கப்பட்டது. வெளியே வந்ததும் அவர் கைது செய்யப்பட்டார். இதிலிருந்து எழுந்த வழக்கில், விசாரணையின்றித் தள்ளுபடி செய்தது தவறு என்று 1970 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பள்ளி திறந்த பின் மற்றொரு போராட்டம் எழுந்தது. ஸ்னிக் சின்னத்தைச் (பேட்ஜ்) சட்டையில் குத்திச் சென்றதற்காக நெசோபா மாவட்டத்தின் பிலடெல்பியா நகரில் 1964 செப்டம்பரிலும், இசக்வீனா, ஷார்க்கி மாவட்டங்களில் 1965 சனவரியிலும் மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பின்னதில் ஏறத்தாழ 300 பேர் வெளியேற்றப்பட்டதால், அவர்களுக்காகவே அங்கு விடுதலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இரு வழக்குகளிலும் 1966 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்புக்கு இடையூறு இல்லாத முதல் வழக்கில் மாணவர்கள் வென்றனர். இடையூறு நிகழ்ந்ததாகக் கருதப்பட்ட இரண்டாம் வழக்கில் தோற்றனர். பள்ளி மாணவர்களுக்கும் கருத்துரிமை உண்டு என்று நிலைநாட்டிய 1969 ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல் வழக்கின் அளவுகோலையே பின்பற்றியது.

தன்னார்வலர்கள் பற்றிய ஆய்வு

ஆசிரியர்களாகச் சென்ற இளைஞர்களும் மாற்றமடைந்தனர். மெக்கோமில் கற்பித்த மாரியோ சாவியோ, அதே ஆண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை இயக்கத்தை முன்னின்று நடத்தினார். ஜாக்சனில் கற்பித்த ஃபிளாரன்ஸ் ஹவ் 1970 இல் பெண்ணியப் பதிப்பகம் ஒன்றை நிறுவினார்.

விடுதலைக் கோடைக்கு வந்த விண்ணப்பங்களைச் சமூகவியலாளர் டக் மெக்கடம் ஆராய்ந்தார். 1,068 விண்ணப்பதாரர்களுள் 720 பேர் மிசிசிப்பிக்குச் சென்றனர். 239 பேர் தேர்வு பெற்றும் பின்வாங்கினர். இரு பிரிவினரின் கொள்கைப் பற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர் கண்டார். சென்றவர்கள் மிகுதியான அமைப்புகளில் உறுப்பினராக இருந்தனர்; உடன் செல்லும் நெருங்கிய நண்பர்களும் அவர்களுக்கு இருந்தனர். அதாவது, நீதியுணர்வு பலருக்கும் பொதுவாயினும், அதனைச் செயலாக மாற்றியது உறவுப் பிணைப்பே. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் அணுகியபோது, சென்றவர்கள் பின்வாங்கியவர்களைவிட அரசியலில் மிகுதியாக ஈடுபட்டிருந்தனர்; ஆனால் அவர்களின் வருமானம் குறைவாக இருந்தது. ஈடுபாடு செயலுக்குக் காரணமாவது போலவே, செயலும் ஈடுபாட்டை உருவாக்குகிறது என்பது 1988 இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வின் முடிவாகும்.

திறனாய்வு

விடுதலைப் பள்ளிகள் மீது பல குறைகளும் சுட்டப்பட்டன. வசதியுள்ள வெள்ளையின மாணவர்கள் ஆசிரியராக அமர்வது, அப்பள்ளிகள் அகற்ற முயன்ற சார்புநிலையையே மீண்டும் உண்டாக்கும் என்று ஸ்னிக் களப்பணியாளர் சிலர் அஞ்சினர். இயக்கத்துக்குள் வாக்காளர் பதிவே வீரச் செயலாக மதிக்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் பெரும்பாலும் கற்பித்தலுக்கே அனுப்பப்பட்டனர். கோடை முடிந்ததும் பெரும்பாலான தன்னார்வலர்கள் ஊர் திரும்பினர். மாணவர்களோ அதே பள்ளிகளுக்கும் அதே அதிகாரிகளிடமும் திரும்ப வேண்டியிருந்தது. விழிப்புற்றதன் விலையை அவர்களும் அவர்களின் பெற்றோருமே செலுத்தினர்.

தாக்கம்

1964 கோடையில் ஏறத்தாழ 17,000 கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றனர். ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,600 பேரே. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1967 இல் மிசிசிப்பியின் தகுதியுள்ள கறுப்பினத்தவருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பதிவு பெற்றிருந்தனர். இம்மாற்றத்துக்கு விடுதலைப் பள்ளிகள் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. எனினும் வாக்காளர் பதிவிலும், 1960களின் இறுதியில் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் போராட்டங்களிலும் முன்னாள் மாணவர்கள் பங்கேற்றதை வரலாற்றாசிரியர் ஜான் ஹேல் 2016 இல் வெளியான நூலில் விளக்கியுள்ளார்.

பாப் மோசஸ் (இறப்பு: 2021) 1982 இல் இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கினார். ஏழை மாணவர்களுக்குக் கணித அறிவு, முன்னர் வாக்குரிமையைப் போன்று, குடியுரிமைக்கு இன்றியமையாதது என்பது அதன் அடிப்படை. சிறுவர் பாதுகாப்பு நிதியம் 1990களில் தொடங்கிய கோடைகால வாசிப்புத் திட்டமும் விடுதலைப் பள்ளிகள் என்ற பெயரையே கொண்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

- அரசியல் சமூகமயமாதல்
- ஆப்பிரிக்க அமெரிக்கரின் குடிசார் உரிமை இயக்கம்
- எமெட் டில்
- பாவ்லோ பிரையர்